துரைக்கு லீடர் கட்டிய கதை

சுதந்திரம் நாட்டுக்கு வந்து பதினோரு வருஷம் கழித்துத்தான் ரத்தோட்டைக்கு மேலே இருக்கும் கல்லுமலைத் தோட்டத்துக்கு வந்தது. வெள்ளைக்காரத் துரை கப்பலேறிப் போனார். அவர் விட்டுப்போன கட்டில், நாய், விஸ்கிக் கிளாஸ், பூச்சித் தூண்டில் எல்லாவற்றையும் புதிதாக வந்த பெர்சி துரை எடுத்துக்கொண்டார். பெர்சி துரை கொழும்பிலே பிறந்தவர். நிறம் நம்முடைய நிறம். அந்த ஒன்றைத் தவிர, மூன்று வருஷமாகப் பங்களாவில் வேறெந்த மாற்றமும் நேர்ந்துவிடாமல் அவர் மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டார்.

அந்தத் தோட்டத்தில் கபிரியேல் டிஸ்பென்சராக இருந்தார். தொழிலாளர்கள் அவரை டாக்டரய்யா என்பார்கள். துரை டிஸ்பென்சர் என்பார். மூன்று நிறத்தில் மூன்று கலவைத் தண்ணீர், இரண்டு கட்டில், ஒரு கண்ணாடி அலுமாரி, இவ்வளவையும் வைத்துக்கொண்டு எண்ணூறு பேரைச் சாகாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. செத்தால் காரணம் எழுதுவதும் அவர் வேலைதான். பதினாலு வருஷத்தில் அவர் பங்களாவின் முன்வாசலுக்கு அழைக்கப்பட்டதே இல்லை. நாய்க்கு உண்ணி வந்தபோதுகூடப் பின்வாசலால்தான் போனார்.

ஆகவே ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், "தொரை உடனே வரட்டாம், முன் விறாந்தைக்கு" என்று ஆள் வந்தபோது, தனக்கு வேலை போய்விட்டது என்றே கபிரியேல் நினைத்தார். சட்டையை மாற்றிக்கொண்டு, மனைவி மார்ஜரியிடம் சொல்லிக்கொண்டு, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு ஏறினார்.

விறாந்தையில் அவருக்கு முன்பே ஒருவர் நின்றார். தொழிற்சங்கத் தோட்டத் தலைவர் கிறிஸ்தோபர். சலவைச் சட்டை, கையில் மடித்த மனு.

"தலைவரே, நீங்க எங்க இங்க?"

"தொரை லீடரக் கூப்பிடுறாருன்னு வாச்சர் ஓடியாந்தான், டாக்டரய்யா. மூணு வருசமா நான் குடுத்த மனு ஒண்ணையும் படிக்காத மனுசன் இன்னிக்கு அவராவே கூப்பிடுறாரேன்னு ஓடியாந்தேன். எங்க சனம் குடியிருக்கிற ரெண்டாம் நம்பர் லயத்துக் கூரைத் தகரம் ஆணி கழண்டு காத்துல ஆடுது. அதச் சொல்லிடலாம்னு."

உள்ளே துரை லீடர் என்று கத்தியது உண்மைதான். ஆனால் அது வேறு லீடர். பூச்சித் தூண்டிலில் சுருளோடு இருப்பது மெழுகு போட்ட பட்டுக் கயிறு. அது தடிப்பு. அதன் நுனியில் நேராகக் கொக்கியைக் கட்டினால் மீன் கயிற்றைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விடும். அதனால் கயிற்றுக்கும் கொக்கிக்கும் நடுவில், கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய நரம்பு ஒன்பது அடி நீளத்துக்கு வர வேண்டும். அதற்குத்தான் வெள்ளைக்காரன் லீடர் என்று பெயர் வைத்திருக்கிறான். மேலே தடித்து, கீழே வரவர மெலிந்து, கடைசியில் முழுக் கனத்தையும் தாங்குவது அதுதான் என்பதால் வைத்த பெயராக இருக்கலாம். நம்மூர் லீடர்கள் வேறு மாதிரி.

பெர்சி துரை சாய்மனைக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் தூண்டில் கோல். காலடியில் அறுந்த நரம்புத் துண்டுகள். பழைய துரை விட்டுப்போன லீடர் ஒரு டசின் இருந்ததாம். பதினொன்றைத் துரை ஏற்கனவே அறுத்து முடித்திருந்தார். பங்களா அப்பு லாபிர், சமையல், பரிமாறல், சப்பாத்துத் துடைப்பு என்று முப்பது வருஷமாக மூன்று துரைமாரைக் கட்டி மேய்த்தவர், ஒன்றும் பார்க்காதவர்போலத் தூணோடு நின்றார்.

கிறிஸ்தோபரைக் கண்டதும் துரை, "இவன் யார்?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"லீடர், சார்," என்றார் லாபிர்.

துரை கொஞ்ச நேரம் கிறிஸ்தோபரைப் பார்த்தார். பிறகு கையை ஒருமுறை வீசினார். தகரம், ஆணி, காற்று எல்லாம் அந்த ஒரு வீச்சில் தீர்ந்து, கிறிஸ்தோபர் மனுவைத் திரும்ப மடித்துக்கொண்டு படியிறங்கினார்.

"டிஸ்பென்சர், உனக்கு முடிச்சுப் போடத் தெரியுமாமே."

"காயத்துக்குத் தெரியும், சார்."

"இதையும் காயம் என்று நினைத்துக்கொள்."

கபிரியேல் குனிந்து ஒரு துண்டை எடுத்து விரலில் உருட்டினார். பல்லில் வைத்து லேசாகக் கடித்தார். அவருக்குச் சிரிப்பு வந்தது. நல்ல வேளையாகப் பதினாலு வருஷப் பழக்கம் அதை உள்ளேயே நிறுத்தியது. அது பட்டுப்புழுவின் குடலில் இருந்து இழுத்தெடுக்கிற நரம்பு. அவருடைய கண்ணாடி அலுமாரியில், குழாய்க்குள், இதே சாமான் இரண்டு டசின் இருந்தது. மனிதத் தோலைத் தைக்க அதைவிட நல்ல சாமான் அன்றைக்கு இல்லை. காய்ந்தபடி முடிச்சுப் போட்டால் அது கண்ணாடிபோல 'டக்'கென்று உடையும். தண்ணீரில் ஊறினால் குழந்தை மாதிரிச் சொன்னபடி கேட்கும். துரையின் மேசையில் இதற்கென்றே சீமையில் அச்சடித்த புத்தகம் ஒன்று கிடந்தது. ஊறவைக்கச் சொன்ன பக்கத்தைக் கரையான் தின்றிருந்தது. மற்றப் பக்கங்களைத் துரை மனப்பாடமாக வைத்திருந்தார்.

"லாபிர் நானா, ஒரு கோப்பையில தண்ணி கொண்டாங்க."

லாபிர் பூப்போட்ட சூப்புக் கோப்பையைக் கொண்டுவந்தார். மிச்சமிருந்த ஒரே லீடர் அதில் அரைமணி நேரம் ஊறியது. அந்த அரைமணி நேரமும் துரை நாவுலப் பக்கத்து அம்பன் கங்கையில் இருக்கிற கெண்டை மீன்களைப்பற்றிச் சொன்னார். கபிரியேல் நின்றபடி கேட்டார். பிறகு ஊறிய நரம்பை எடுத்து, அதன் தடித்த முனையில் ஒரு கண்ணி போட்டார். பட்டுக் கயிற்றின் நுனியில் சின்ன முடிச்சு ஒன்றைப் போட்டு, அதைக் கண்ணிக்குள் கீழிருந்து நுழைத்து, கண்ணியின் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, கயிற்றின் அடியிலேயே செருகி, எச்சில் தொட்டு மெல்ல இழுத்தார். முடிச்சு ஒரு மிளகளவுக்கு இறுகி உட்கார்ந்தது.

துரை இழுத்தார். அறவில்லை. எழுந்து நின்று இழுத்தார். அப்போதும் அறவில்லை.

"லாபிர், இவனுக்கு ஒரு கதிரை போடு," என்றார் துரை.

அந்தக் கதிரைதான் வினையாயிற்று. கதிரையில் உட்கார்ந்த சந்தோஷத்தில் கபிரியேல், இந்த நரம்பு டிஸ்பென்சரியிலும் இருக்கிறது என்று சொல்லிவிட்டார். வாயை மூடுவதற்குள் துரை குழாயை எடுத்துவர ஆள் அனுப்பிவிட்டார்.

அடுத்த ஒரு மாதம் தோட்டத்து வைத்தியம் பெரும்பாலும் பங்களா விறாந்தையில் நடந்தது, மீன்களுக்கு. காலையில் இருமல்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். "டாக்டரய்யா எங்க?" என்றால், "லீடர் கட்டப் போயிருக்காரு" என்று பதில் வரும். குழாயில் இருந்த நரம்புகளை மூன்று சுற்று முடிச்சால் ஒன்றோடொன்று இணைத்து அவர் மூன்று லீடர் செய்தார். பழைய துரையின் கடைசி லீடரையும் இவற்றில் ஒன்றையும் துரை பங்களா வேலியில் மாட்டி அறுத்தார். இன்னொன்றை நாய் தின்றது. நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. அதைக் கவனித்துக்கொள்ளக் கபிரியேல் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார். இதற்கிடையில் கோழிக் கூட்டில் சேவலுக்கு வாலும் போய்விட்டது. கொக்கியில் பூச்சிபோலக் கட்ட இறகு வேண்டுமே. மீன் மட்டும் ஒன்றும் வரவில்லை.

மருந்துச் சாமான் பட்டியலில் நரம்பு தீர்ந்துவிட்டது, உடனே வேண்டும் என்று கபிரியேல் மூன்று முறை எழுதினார். மூன்று முறையும் துரையே அதன்மேல் 'அவசரமில்லை' என்று எழுதித் திருப்பினார். அவருடைய கையெழுத்து அழகானது.

ஆவணி பிறந்து முதல் சனிக்கிழமை வி.ஏ., அதாவது விசிட்டிங் ஏஜண்ட், வருகிறார் என்று செய்தி வந்தது. கம்பனிக்காகத் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பார்த்து, துரைமாருக்கு மார்க் போடுகிற வெள்ளைக்காரக் கிழவர் அவர். கொழுந்தைவிட அவருக்கு மீனில் பிரியம் என்று துரைக்கு எப்படியோ தெரிந்திருந்தது. காலை ஒன்பதரைக்கு வி.ஏ. வருவார், தோட்டத்தைக் கால்மணி நேரம் பார்ப்பார், பிறகு ஜீப்பில் மாத்தளை, அலுவிகாரை, நாவுல என்று போய் ஆற்றில் இறங்குவார்கள். மிச்சமிருந்த ஒரே லீடரை வெள்ளிக்கிழமை பின்னேரமே சூப்புக் கோப்பையில் போட்டாயிற்று. வி.ஏ.யின் கண்முன்னாலேயே கபிரியேல் அதைக் கயிற்றில் கட்ட வேண்டும் என்பது துரையின் ஏற்பாடு.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ரெண்டாம் நம்பர் லயத்துத் தகரம் கடைசி ஆணியையும் கழற்றிக்கொண்டு பறந்தது. அது பறந்து இறங்கிய இடத்தில் மரியாயி, கிறிஸ்தோபரின் மனைவி, பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். கெண்டைக்காலை முழங்காலுக்குக் கீழிருந்து ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்துவிட்டது.

நாலு பேர் அவளைக் கம்பளியில் தூக்கிவந்து டிஸ்பென்சரியில் போட்டார்கள். கபிரியேல் துணியை எடுத்துப் பார்த்தார். பெரிய நாளம் தப்பியிருந்தது. ஆனால் காயம் புத்தகம்போலத் திறந்து கிடந்தது. துணிச் சுருளை வைத்து அழுத்திக் கட்டிவிட்டு அலுமாரியைத் திறந்தார். குழாய் இருந்தது. குழாய்க்குள் ஒன்றுமில்லை. அது அவருக்கு முன்னமே தெரிந்ததுதான். ஆனாலும் தலைகீழாகப் பிடித்து ஒருமுறை தட்டிப் பார்த்தார்.

"மாத்தள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். லொறி எங்க?"

"லொறி விடியக்காலையிலயே மாத்தளைக்குப் போச்சு, டாக்டரய்யா," என்றார் கிறிஸ்தோபர். அவர் முகம் வெளுத்திருந்தது. "வி.ஏ. தொரைக்கு ஐஸும் பியரும் எடுத்துவர."

"நூலால தைங்களேன் சாமி," என்றாள் மரியாயி. அந்த நிலையிலும் அவளுக்கு யோசனை இருந்தது. "ஊட்டுல ஊசியும் நூலும் கெடக்கு."

போன வருஷம் ஒரு மண்வெட்டிக் காயத்தை அவர் நூலால் தைத்திருந்தார். சீழ் பிடித்து அந்த ஆள் விரலை இழந்தான். "கொஞ்சம் பொறு, மரியாயி," என்று சொல்லிவிட்டுப் பங்களாவுக்கு ஏறினார். ஓட்டம் என்று சொல்ல முடியாது. ஐம்பது வயதில் அந்த ஏற்றத்தில் அவரால் முடிந்தது.

துரை குளியலறையில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார். லாபிர் கதவுக்கு வெளியே நின்று, ஜீப் வேண்டும், ஒரு பெண்ணுக்குக் கால் கிழிந்துவிட்டது என்று சொன்னார். பாட்டு நின்றது. உள்ளேயிருந்து பதில் வந்தது. பாட்டுத் திரும்பவும் தொடங்கியது.

லாபிர் விறாந்தைக்கு வந்தார்.

"டாக்டரய்யா, தொரை சொன்னத அப்பிடியே சொல்றேன். ஜீப்பு கழுவி வச்சிருக்காம், அழுக்காக்க ஏலாதாம். 'கட்டுறதுதானே அவன் வேல, கட்டச் சொல்லு' ண்டாரு." குரலைத் தாழ்த்தினார். "எதால கட்டணும்ண்டு சொல்லல்ல."

இரண்டு பேரும் மேசைமேல் இருந்த சூப்புக் கோப்பையைப் பார்த்தார்கள். ஒன்பதடி நரம்பு, இரவெல்லாம் ஊறி, பளபளவென்று சுருண்டு கிடந்தது.

"நானா, ஒங்களுக்கு வேல போயிரும்."

"நான் சமையல்கட்டுல நிக்கிறேன். சூப்புக் கோப்பையில என்ன கெடக்குண்டு எனக்கு என்ன தெரியும்," என்று சொல்லிக்கொண்டே லாபிர் உள்ளே போய்விட்டார்.

கபிரியேல் கோப்பையோடு இறங்கினார்.

மேல்முனையில் கண்ணியோடு ஒரு சாண், கீழ்முனையில் ஒரு சாண், இரண்டையும் வெட்டி வைத்தார். நடுவிலிருந்த நரம்புகளை முடிச்சு நீக்கி, நாய் இதிலும் வாய் வைத்திருக்குமோ என்று நினைத்து இரண்டு முறை கழுவி, இருபது நிமிஷம் கொதிக்கவைத்தார். மரக்கச் செய்யும் மருந்து ஒரு குப்பி இருந்தது. ஊசி போட்டார். பிறகு தைத்தார். ஒவ்வொரு தையலுக்கும் முதல் முடிச்சில் இரண்டு சுற்று, இரண்டாவதில் ஒரு சுற்று.   மரியாயி கிறிஸ்தோபரின் சட்டைக் கொலரைப் பிடித்து முறுக்கிக்கொண்டு கிடந்தாள். பன்னிரண்டு தையல்.

"முடிஞ்சிதா சாமி?"

"முடிஞ்சிது. பத்து நாளைக்கு மலைக்கு வேலைக்குப் போகப்படாது."

"பேர் வெட்டிருவாங்களே."

"நான் எழுதித் தாறேன். எழுத்து என் வேலதானே."

மணி எட்டே முக்கால். பங்களாவிலிருந்து இறங்கும்போதே கபிரியேல் சொல்லிவிட்டு வந்தபடி, வீட்டில் மார்ஜரி ஏற்கனவே மெத்தை தைக்கிற கறுப்பு நூலைத் தேயிலைச் சாயத்தில் போட்டு வைத்திருந்தாள். கறுப்பு நூல் சாயத்தில் என்ன நிறம் மாறும் என்று அவளைக் கேட்க அது நேரமில்லை. பழுப்பு நூல் ஒன்று எடுத்து, அதைச் சாயம் தோய்த்து, மாதா படத்துக்கு முன்னால் இருந்த மெழுகுதிரியில் இழுத்து இழுத்துத் தேய்த்தார்கள். தேய்க்கத் தேய்க்க அது வழுவழுப்பாகி நரம்பின் நிறத்துக்கு வந்தது.

"இது மீனத் தாங்குமா?" என்றாள் மார்ஜரி.

"அவரு மீன் புடிச்சாத்தானே."

"நூலுன்னா சீழ் புடிக்கும்னு சொல்லுவீங்களே."

"மீனுக்குப் புடிக்காது," என்றார் கபிரியேல். மேலே ஒரு சாண் உண்மை நரம்பு, கீழே ஒரு சாண் உண்மை நரம்பு, நடுவில் ஏழரை அடி மார்ஜரியின் நூல். சுருட்டிக் கோப்பைக்குள் போட்டு, தண்ணீர் ஊற்றினார். பார்க்க முன்னையதைவிட லட்சணமாக இருந்தது.

ஒன்பதே முக்காலுக்கு விறாந்தையில் வி.ஏ. கிழவர் அரைக் காற்சட்டையோடு காத்திருந்தார். துரை அவருக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றார். பழைய துரை இருந்த காலத்தில் கிளாக்கர் கைகட்டி நின்ற அதே தூணோரம். கபிரியேல் கோப்பைக்குள் கை விட்டார். கண்ணியைப் பெருவிரலால் பிடித்தார். பட்டுக் கயிற்றை நுழைத்து, கழுத்தைச் சுற்றி, அடியில் செருகி, எச்சில் தொட்டு இழுத்தார். அவருடைய வாழ்க்கையில் அவ்வளவு அழகான முடிச்சு விழுந்ததில்லை. கயிற்றுக்கு அது உண்மையான நரம்புதான். அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று கயிற்றுக்கு என்ன கவலை?

வி.ஏ. கண்ணாடி போட்டுக்கொண்டு முடிச்சைப் பார்த்தார். முடிச்சை மட்டும் பார்த்தார். "நாற்பது வருஷத்தில் இப்படி ஒரு முடிச்சு நான் கண்டதில்லை," என்றார். துரை தானே கட்டியதுபோலத் தலை குனிந்தார். கபிரியேலின் கழுத்துப் பட்டியில் இரத்தம் ஒட்டியிருந்ததை இரண்டு பேரும் காணவில்லை.

ஜீப் போன பிறகு கபிரியேல் டிஸ்பென்சரிக்கு இறங்கினார். அன்று முழுவதும் அவர் சாப்பிடவில்லை. மரியாயியின் கட்டை மூன்று முறை பிரித்துப் பார்த்தார். வேலை போனால் எங்கே போவது என்று மார்ஜரியோடு பேசினார். பல்லேபொலயில் அவளுடைய அண்ணன் இருந்தான். அவனுக்கும் அவருக்கும் பேச்சில்லை. பேச்சைத் தொடங்குவதற்கு என்ன சொல்லலாம் என்றுகூட யோசித்துவிட்டார்.

ஆறு மணிக்கு ஜீப் வந்தது. ஆள் வந்தது. "முன் விறாந்தைக்கு."

வி.ஏ.யின் முகம் சிவந்திருந்தது. தூண்டில் மேசைமேல் கிடந்தது. கயிற்று நுனியில் கபிரியேலின் முடிச்சும், ஒரு சாண் நரம்பும், அதற்குக் கீழே ஒரு விரற்கடை பழுப்பு நூலும் தொங்கின. கபிரியேல் அந்த விரற்கடையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"டிஸ்பென்சர்," என்றார் வி.ஏ. "அந்த லீடர் எத்தனை இறாத்தல் தாங்கும்?"

கபிரியேல் வாயைத் திறப்பதற்குள் லாபிர் பியர்ப் போத்தலைத் திறந்துகொண்டே, "இருபது தாங்கும்ண்டு டாக்டரய்யா சொல்லியிருக்காரு, சார்," என்றார்.

"கேட்டீரா, பெர்சி!" வி.ஏ. மேசையில் அடித்தார். "இருபது இறாத்தல் தாங்கும் லீடரை ஒரே இழுப்பில் அறுத்துக்கொண்டு போயிருக்கிறது. அப்படியென்றால் அது முப்பதுக்குக் குறையாது."

"முப்பத்தைந்து, சார்," என்றார் துரை. "நான் முதுகைப் பார்த்தேன்."

பிறகு லாபிர் சொல்லிக் கபிரியேலுக்குத் தெரிந்தது: வி.ஏ. வீசிய முதல் வீச்சிலேயே கொக்கி ஏதோ ஒன்றில் மாட்டியதாம். ஜீப் டிரைவர் கண்ணுக்கு அது தண்ணீருக்குள் கிடந்த மரவேர். ஆனால் டிரைவரை ஒருவரும் கேட்கவில்லை. மீன் கிடைத்திருந்தால் தட்டில் வைத்து நிறுத்திருப்பார்கள். இரண்டு இறாத்தலோ மூன்றோ. கிடைக்காதபடியால் அது வளர்ந்தது. அடுத்த வாரம் மாத்தளைக் கிளப்பில் அது நாற்பதாயிற்று என்று கேள்வி.

வி.ஏ. எழுதிய அறிக்கையில் தோட்டத்து வைத்திய ஏற்பாடு மிகத் திருப்தி என்று ஒரு வரி இருந்தது. மூன்று முறை அவசரமில்லாமல் இருந்த நரம்பு ஒன்பதே நாளில் வந்தது, ஆறு டசின். பெட்டி பங்களாவில்தான் இறங்கியது. லாபிர் அதில் பாதியை அரிசிச் சாக்குக்குள் வைத்து டிஸ்பென்சரிக்குக் கொண்டுவந்தார். துரைக்கு எண்ணுகிற வழக்கம் இல்லை. ரெண்டாம் நம்பர் லயத்துக்குத் தகரம் மட்டும் வரவில்லை. வி.ஏ. அந்தப் பக்கம் போகவில்லையே.

பத்தாம் நாள் மரியாயியின் தையலைப் பிரித்தார். காயம் சுத்தமாக ஒட்டியிருந்தது. அன்று பின்னேரமே கபிரியேல் பஸ் பிடித்து மாத்தளைக் கோயிலுக்குப் போய், பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தட்டிக்கு முன்னால் முழந்தாளிட்டார். ஸக்கரியாஸ் சுவாமியார் காது கொஞ்சம் மந்தம். ஆகவே சாமான் எடுத்ததையும், நூல் வைத்து ஏமாற்றியதையும், அதனால் அம்பன் கங்கை மீன் நாற்பது இறாத்தலானதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.



"சாமான் எடுத்ததுக்கு மூணு அருள்நிறை மந்திரம் சொல்லு," என்றார் சுவாமியார். "நாப்பது இறாத்தல்ங்கிறது அவங்க சொன்ன பொய். அதுக்கு நீ மந்திரம் சொல்லவேண்டியதில்ல."

"சரி, சாமி."

"அம்பன் கங்கையில எந்த இடம்?"

கபிரியேல் நாவுலப் பக்கம் போனதே இல்லை. ஆனால் சுவாமியாரின் குரலில் அப்படியொரு ஆசை இருந்தது. "பாலத்துக்கு மேல, சாமி. ஒரு பெரிய மருத மரம் சாஞ்சு நிக்கும். அதுக்கடியில ஆழமா, கறுப்பா ஒரு தண்ணி," என்று சொல்லிவிட்டார்.

சொன்ன பிறகுதான் இந்தப் பொய்க்கும் ஒரு கணக்கு இருக்கிறது என்று நினைவு வந்தது. பின்னால் நாலு பேர் வரிசையில் நின்றார்கள், கடைசி பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது. அதை அடுத்த மாதத்துக்கு வைத்துக்கொண்டு எழுந்தார்.